முதல் மாயக்கதையை யாருக்கு, எப்படிக் கொடுப்பது

"டீச்சர், ஏதாவது படிக்க ஆரம்பிக்கணும். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு நம் ஊரில் இரண்டு பதில்கள் ஆயத்தமாக இருக்கும். தமிழ் என்றால் ‘பொன்னியின் செல்வன்’. ஆங்கிலம் என்றால் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. இரண்டும் எனக்கு உயிர். ஆனாலும், பள்ளியை விட்ட பிறகு ஒரு கதைப் புத்தகத்தைக்கூடத் தொடாத ஒருவர் கையில் ஐந்து பாகத்தையோ மூன்று பாகத்தையோ அடுக்கி வைத்தால் நாற்பதாவது பக்கத்தில் நின்றுவிடுவார். புத்தகம் தன் நேரத்துக்குப் பொருந்தவில்லை என்று அவர் நினைக்கமாட்டார். ‘எனக்குப் படிப்பெல்லாம் வராது’ என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போனவரைத் திரும்ப நூலகத்துக்குள் அழைத்து வருவது பெரும்பாடு.

நான் துறையூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில், புதிதாக வருகிறவர்களுக்குக் கதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஃபேன்டஸி என்கிற மாயக்கதை, துப்பறியும் கதை, பேய்க்கதை, சரித்திரக் கதை இதையெல்லாம் ‘உயர்ந்த இலக்கியத்துக்குப் போகும் படிக்கட்டு’ என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏறிப் போய்விட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவை படிக்கட்டு இல்லை. அறுபது வயதிலும் நான் குடியிருக்கும் வீடு அது. அந்த மரியாதையோடு கொடுத்தால்தான் வாங்குகிறவரும் மரியாதையோடு படிப்பார்.

முதலில் ஆளைக் கேளுங்கள்

"உங்களுக்கு என்ன மாதிரிக் கதை பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. படித்துப் பழகாதவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நான் இப்படிக் கேட்பேன்: "கடைசியா எந்தப் படத்தையோ சீரியலையோ பாத்துட்டு, அடுத்து என்ன ஆகுமோன்னு தூக்கம் வராம புரண்டுக்கிட்டு இருந்தீங்க?" சித்தர், புதையல், கோவில் ரகசியம் என்று ஒருவர் சொல்வார். ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் பெயராக ஒரு கல்லூரிப் பையன் அடுக்குவான். "எனக்கு நிஜமா நடந்ததுதான் பிடிக்கும், கட்டுக்கதை பிடிக்காது" என்பார் இன்னொருவர். ஆளுக்கொரு வழி அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னும் இரண்டு கேள்விகள். எங்கே, எப்போது படிப்பீர்கள்? பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிறவருக்கும், பிள்ளைகள் தூங்கிய பிறகு கால் மணி நேரம் கிடைக்கிற அம்மாவுக்கும் ஒரே புத்தகம் சரிவராது. அப்புறம், எந்த மொழியில் படித்தால் உதடு அசையாமல் கண் ஓடும்? ஆங்கிலம் பழகவேண்டும் என்ற ஆசையில் ஆங்கிலப் புத்தகத்தைக் கேட்கிறவர்கள் நிறைய. அந்த ஆசை நல்லது, அதற்குத் தனி வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதல் புத்தகம் மட்டும் கண் ஓடுகிற மொழியில்தான் இருக்கவேண்டும்.

மாயத்துக்கும் கணக்கு உண்டு

ஃபேன்டஸி வேண்டாம் என்று சொல்கிறவர்களின் முக்கியமான காரணம் ஒன்றுதான். "மந்திரம் போட்டா எல்லாம் நடக்கும்னா அப்புறம் கதையில என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. எல்லாம் நடந்துவிடும் என்றால் கதையே இல்லை. நல்ல மாயக்கதையில் எல்லாம் நடந்துவிடாது. இதை நம்மவர்களுக்குப் புரியவைப்பது மிக எளிது. ஏனென்றால் வரம், சாபம் இரண்டையும் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

இரணியன் வாங்கிய வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது. கணக்கில் ‘கொடுக்கப்பட்டவை’ என்று முதலில் எழுதிக்கொள்வோமே, அதே மாதிரி நிபந்தனைகள் வரிசையாக முன்னாலேயே வந்துவிடுகின்றன. ஒன்றைக்கூட மீறாமல் அவனை எப்படிக் கொல்வது என்பதுதான் கதை. அந்தி நேரம், வாசற்படி, மடி, சிங்கமுகம் என்று விடை வரும்போது குழந்தைகூட "அட!" என்கிறது.

விக்கிரமாதித்தன் கதையில் இதைவிட அழகான ஒன்று உண்டு. சிம்மாசனத்தில் அமர்ந்து ஆயிரம் ஆண்டு ஆள அவனுக்கு வரம். மந்திரி பட்டியோ இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிடுகிறான். ராஜா இல்லாத மீதி ஆயிரம் ஆண்டை என்ன செய்வது? சிம்மாசனத்தில் அமரும் ஆண்டுதானே கணக்கு! ஆறு மாதம் நாட்டில் ஆட்சி, ஆறு மாதம் காட்டில் அலைச்சல் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்று இன்றைக்கும் பேச்சில் சொல்கிறோமே, அது இந்தக் கணக்கில் வந்ததுதான். வரத்தை உடைக்காமல் அதன் இடுக்கில் புகுந்து வெளியே வருவது உலகம் முழுக்க ஃபேன்டஸி எழுத்தாளர்கள் செய்யும் காரியம்.

அப்புறம் விலை. பரசுராமரிடம் பொய் சொல்லி வித்தை கற்ற கர்ணனுக்கு, உயிர்போகும் வேளையில் மந்திரம் மறந்துபோகும் என்று சாபம். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதையில் வரும் மோதிரம் அணிந்தவனை மறைக்கும், ஆனால் மனத்தைத் தின்றுவிடும். அது உருவான நெருப்பில் போட்டால்தான் அழியும். உர்சுலா கே. லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ நாவலில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. கர்வத்தில் அதைத் தவறாகக் கையாண்ட கெட் என்ற பையன் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிட்டு, அதனாலேயே துரத்தப்படுகிறான். ஆகவே புதிதாகப் படிக்கிறவரிடம் நான் சொல்லி அனுப்புவது இதுதான்: இந்த உலகத்தில் மந்திரத்தால் எது முடியும், எது முடியாது, அதற்கு என்ன விலை என்று மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள். அது பிடிபட்டுவிட்டால் கதை தானாக இழுத்துக்கொண்டு போகும்.

பெயர்களைக் கண்டு பயப்படவேண்டாம்

இரண்டாவது தடை பெயர்கள். ஐம்பது பக்கத்துக்குள் முப்பது பெயர், முன்னால் ஒரு வரைபடம், பின்னால் வம்சாவளி. பரீட்சைக்குப் படிக்கிற பழக்கத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லோருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டா சாப்பிட உட்காருகிறோம்? மூன்றாவது முறை வருகிற பெயரைப் பிடித்துக்கொண்டால் போதும். முக்கியமானவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். வரைபடத்தைக் கதையில் யாராவது பயணம் கிளம்பும்போது புரட்டிப் பாருங்கள், அதற்கு முன்னால் தேவையில்லை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ஸின் தொடக்கத்தில் ஹாபிட் என்ற குள்ள இனத்தைப் பற்றி வருகிற நீண்ட முன்னுரையை முதல் வாசிப்பில் தாண்டிவிட்டு, நேராகப் பிறந்தநாள் விருந்துக்குப் போய்விடலாம். பாட்டுகளையும் தாண்டலாம். இரண்டாம் முறை படிக்கும்போது அவற்றுக்காகவே திரும்பி வருவீர்கள்.

யாருக்கு எது

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுப்பது ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்த நாவல். இமயமலைப் பக்கம் பனிமனிதனைத் தேடிப் போகும் கதை. குழந்தைகளுக்கு எழுதியது என்றாலும் அவர்களைக் குழந்தை என்று நினைத்துக் குனிந்து பேசாத எழுத்து. வரிகள் ஓடவில்லை என்று திணறும் பிள்ளைக்குக் காமிக்ஸ் கொடுங்கள், தயங்கவே வேண்டாம். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். அங்கேயும் பாருங்கள், சக்தியும் உண்டு, அதற்கு ஒரு குறையும் உண்டு.

ஆங்கிலம் பழக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஹாரி பாட்டர் முதல் பாகம். ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்று தமிழிலேயே கிடைக்கிறது. தமிழில் ஓர் அத்தியாயம் படிக்கவேண்டும், பிறகு அதே அத்தியாயத்தை 1997-ல் வந்த ஆங்கில மூலத்தில் படிக்கவேண்டும். என்ன நடக்கிறது என்று முன்னாலேயே தெரிந்துவிட்டதால், தெரியாத ஆங்கிலச் சொல் வழியை மறிக்காது, அகராதியைத் தேடி ஓடவும் வேண்டாம். 17 அத்தியாயங்கள்தான். பாதியைத் தாண்டியதும் பல பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்திலேயே போவதை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆங்கிலப் பயிற்சி எனக்குத் தெரியாது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ‘எர்த்சீ’. 1968-ல் வெளிவந்தது, இருநூறு பக்கம் போல. ஆங்கிலம் கொஞ்சம் செறிவாக இருக்கும், ஆனால் வாக்கியங்கள் வாய்விட்டுப் படிக்க இதமானவை. இதை நான் விரும்பிக் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் நாயகன் கெட் பழுப்பு நிறத்தவன், மலைத்தீவில் ஆடு மேய்த்த பையன். ஃபேன்டஸி என்றாலே வெள்ளைக்கார இளவரசன்தான் என்று லெ குவின் நினைக்கவில்லை; பின்னாளில் தொலைக்காட்சிக்காக அந்தப் பாத்திரத்துக்கு வெள்ளை நடிகரைப் போட்டபோது அவர் பகிரங்கமாகக் கண்டித்தார். நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டு படிக்கவேண்டும்.

சிரிக்கப் பிடிக்கும் என்றால் டெரி பிராட்செட்டின் ‘மார்ட்’. மரணமே ஓர் ஆளாக வந்து, வேலைக்கு லாயக்கில்லாத ஒரு பையனைத் தன் தொழிலுக்குப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. எமனையும் எருமையையும் வைத்து எத்தனையோ நாடகம் பார்த்த நமக்கு இந்த ஆள் புதியவர் இல்லை.

அம்புலிமாமா படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த அக்காமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் புதிதாக ஒன்றும் பழக்கவேண்டியதில்லை. 1947 ஜூலையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் முருங்கைமரத்து வேதாளத்தைச் சங்கரின் படத்தோடு பார்த்தவர்கள் அவர்கள். குடும்பப் பொறுப்பில் நடுவே விட்டுப்போன பழக்கத்தைத் திரும்பத் தொட்டுவிட்டால் போதும். கோவில், சித்தர், அமானுஷ்யம் என்றால் இந்திரா சௌந்தர்ராஜன். துப்பறிவதும் பேயும் கலந்து வேண்டும் என்றால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா, அறிவியலா என்ற கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே கணேஷும் வசந்தும் நம்மை இழுத்துப் போவார்கள். இரவில் தனியாக இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கும்போது பகலில் படிக்கச் சொல்லியே கொடுக்கிறேன். அது பிடித்துப்போனவர்களுக்கு அடுத்து ‘என் இனிய இயந்திரா’. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி அவர்களை எதிர்காலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும், அறிவியல் புனைகதை படிக்கிறோம் என்று தெரியாமலேயே அதைத் தாண்டிவிடுவார்கள்.

பஸ்ஸில் படிப்பவர்களுக்குப் பாக்கெட் நாவல். ராஜேஷ்குமார் 1500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அந்தப் புத்தகங்களின் அளவே பயணத்துக்கென்று அமைந்தது: திருச்சியில் ஏறினால் கோவையில் இறங்குவதற்குள் கொலையாளி பிடிபட்டுவிடுவான். ஒரே உட்காரலில் ஒரு நாவலை முடித்தேன் என்ற நிறைவு, புதிய வாசகருக்கு வேறெதிலும் கிடைக்காத பலம்.

"நிஜமா நடந்ததுதான் வேணும்" என்ற அந்த அண்ணனுக்கு ‘பட்டாம்பூச்சி’. ஹென்றி ஷாரியர் 1969-ல் பிரெஞ்சில் வெளியிட்ட சிறைத் தப்பியோட்டக் கதையை ரா.கி. ரங்கராஜன் குமுதத்தில் தமிழாக்கிக் கொடுத்தார். தன் வரலாறு என்று சொல்லப்பட்ட நூல், ஆனால் எந்தக் கற்பனை நாவலையும்விட வேகம். அதை முடித்தவர் கட்டுக்கதை வேண்டாம் என்று அதற்குப் பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை. சாமி கும்பிடுகிறவர், புராணத்தில் ஊறியவர் என்றால் அமிஷின் ‘மெலூஹாவின் அமரர்கள்’ தமிழில் இருக்கிறது. சிவனைத் திபெத்திலிருந்து வந்த ஒரு மலைவாசித் தலைவனாக வைத்த கற்பனை. சிலருக்கு மனம் ஒப்பாது, அதனால் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுப்பது நல்லது.

பெரிய புத்தகங்களுக்கு எப்போது போவது

சின்னதாக மூன்று, நான்கு முடித்த பிறகு ‘பொன்னியின் செல்வன்’. அது ஃபேன்டஸி இல்லைதான். ஆனால் பெரிய ஃபேன்டஸித் தொடரைப் படிக்கத் தேவையான மூச்சை அது பழக்கிக் கொடுக்கும்: ஐந்து பாகம், ஏராளமான பாத்திரங்கள், ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு சதி. 1950-லிருந்து கல்கி இதழில் வாரா வாரம் வந்த கதை என்பதை மறக்கவேண்டாம். அத்தியாயம் முடியும் இடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள், அல்லது இருட்டில் ஒரு நிழல் அசையும். ஏழு நாள் காத்திருக்கவேண்டிய வாசகருக்காக வைத்த முடிச்சு அது. மொத்தம் 293 அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் விழுங்கினால் அந்த முடிச்சுகள் அலுப்புத் தட்டும். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று என்று படியுங்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தை யாராவது படித்துக் காட்டினால் இன்னும் நல்லது. 2022-லும் 2023-லும் வந்த படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முகங்கள் தெரியும், அதனால் பெயர்க் குழப்பம் வராது. கதைதான் தெரிந்துவிட்டதே என்று நினைத்து ஒதுக்கவேண்டாம். ஆழ்வார்க்கடியானின் வாயாடித்தனம் முழுவதும் புத்தகத்தில்தான் இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. மலிவுப் பதிப்புகள் நிறைய, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவும் படிக்கலாம்.

டோல்கீனுக்குள் நுழைய 1937-ல் வந்த ‘தி ஹாபிட்’தான் வாசல். அதையும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் ஐந்தாம் அத்தியாயத்தை வாசகர் வட்டத்தில் தமிழில் சொல்லிக் காட்டுவேன். மலைக்கு அடியில், இருட்டில், நாயகன் பில்போவும் கொல்லம் (Gollum) என்ற விசித்திரப் பிறவியும் விடுகதைப் போட்டி போடுகிறார்கள். தோற்றால் பில்போ கொல்லத்துக்கு இரை. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று வேதாளம் மிரட்டுகிறதே, அந்தப் பயம் நமக்கு ஊறிப்போனது. கூட்டத்தில் யாராவது விடையைக் கத்துவார்கள். அன்றைக்குப் புத்தகத்தை எடுத்துப் போக ஆள் நிச்சயம் உண்டு.

தொடர்களைக் கொடுக்கும்போது வரிசை முக்கியம், அதைவிட முக்கியம் உண்மையைச் சொல்லிவிடுவது. நார்னியா வரிசையில் இப்போது 1 என்று எண்ணிட்டு விற்கும் புத்தகம் 1955-ல் ஆறாவதாக வெளிவந்தது. அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் கால் வைக்கும் 1950-ன் புத்தகமான ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’பிலிருந்தே தொடங்குங்கள், அந்த ஆச்சரியத்தை முன்னாலேயே விளக்கிக் கெடுக்கவேண்டாம். ‘மார்ட்’ இடம்பெறும் பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள், அவற்றுக்கு முதலாவதிலிருந்து வரவேண்டியதில்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ பெருந்தொடர் 1996-ல் தொடங்கி, ஐந்தாம் பாகம் 2011-ல் வந்து, அங்கேயே நிற்கிறது. முடிவு தெரியாமல் தவிக்கத் தயாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வன்முறையும் படுக்கையறையும் நிறைய உள்ள கதை, ஆகவே வயதும் பார்க்கவேண்டும்.

கையில் கொடுக்கும்போது

ஒரு தடவைக்கு ஒரே புத்தகம். பத்துப் பெயர் எழுதிய பட்டியலைக் கொடுத்தால் அது பர்ஸில் மடிந்து கிடக்கும். முதல் இரண்டு பக்கத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், சரியாகக் கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை நீட்டுங்கள். கதைச் சுருக்கம் சொல்லாதீர்கள்.

வழியில் பார்த்தால் "முடிச்சாச்சா?" என்று கேட்காதீர்கள். அது வீட்டுப்பாடம் கேட்பது போல ஆகிவிடும், அந்தக் குரல் எங்களைப் போன்ற டீச்சர்களிடம் தானாக வந்துவிடும் என்பதால் நான் கூடுதல் கவனமாக இருக்கிறேன். "இப்ப யாரு மேல சந்தேகமா இருக்கு?", "அந்தப் பையன் மோதிரத்தைக் கொடுத்துட்டானா?" என்று கேளுங்கள். கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

பிடிக்கவில்லை என்று பாதியில் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் நின்றது என்று மட்டும் கேளுங்கள். பத்தாம் பக்கம் என்றால் மொழி ஒத்துவரவில்லை. நூறாம் பக்கம் என்றால் மொழி பரவாயில்லை, கதைதான் வேறாக இருக்கவேண்டும். அதைப் பொறுத்து அடுத்ததை எடுங்கள்.

முடித்துவிட்டு வந்தவருக்கு அடுத்த புத்தகம் அன்றைக்கே கிடைக்கவேண்டும். இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால் கை மறுபடி போனுக்குப் போய்விடும். அதனால் ஒருவர் ‘பனிமனிதன்’ எடுத்துப் போகும் அன்றே, ஹாரி பாட்டர் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருந்தால் எந்தத் தேதிக்குத் திரும்பும் என்று நூலகரிடம் கேட்டுப் பெயர் பதிந்து வைத்துவிடுங்கள்.